பல்லவி வாங்கிய கறுப்பு டேப்

பல்லவியின் முன்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருக்கும். வயரின் தோலை உரிப்பதற்கென்றே சிவப்புக் கைப்பிடி போட்ட கட்டர் ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கிறது. இருந்தாலும் அவசரம் வந்தால் வாயில் வைத்துத்தான் கடிப்பாள். டிப்ளமா எலெக்ட்ரானிக்ஸில் முதல் வகுப்பு வாங்கியவள் செய்கிற காரியமா இது என்று நைனாவிடம் ஒருமுறை போட்டுக் கொடுத்தேன். "தொழில்ல கீறவங்க அப்படித்தான் இருப்பாங்க" என்றார். நான் வயரைக் கடித்த அன்று இதே நைனா, "எலிக்குப் பொறந்தவளே" என்று திட்டினார். அது யாரைத் திட்டியதாகும் என்று அவர் யோசிக்கவில்லை.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் 'நாகேஷ் சவுண்ட்ஸ் அண்ட் லைட்ஸ்' என்று பலகை தொங்குகிறதே, அந்த நாகேஷ்தான் என் நைனா. கல்யாணம், சர்ச் திருநாள், பிள்ளையார் ஊர்வலம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் எங்கள் ஸ்பீக்கரும் எங்கள் விளக்கும் போகும். பி.யூ.சி. முதல் வருஷத்தில் கணக்குப் பாடமும் நானும் மனமொத்துப் பிரிந்த பிறகு லைட் டேபிள் என் கைக்கு வந்தது. மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஆறு குமிழ் வைத்த டிம்மர் பெட்டி. அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் முதல் டீ. இது நைனா போட்ட சட்டம். ஸ்பீக்கர் பார்க்கிறவனுக்கு இரண்டாவது. வயர் இழுக்கிறவனுக்கு மிச்சமிருந்தால். ஒன்றரை வருஷம் நான் முதல் டீ குடித்தேன்.

பிறகு பல்லவி வந்தாள்.

அவளுடைய அப்பா ஞானதாஸ், கனரக எந்திரத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்தவர். பல்லவி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். எங்களைப்போல சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பேச்சு அவளுக்கு வராது. ஆனால் இரண்டு வருஷம் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனவள். அங்கே ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. ஒருநாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அதற்கப்புறம் வீட்டில் சும்மா இருந்தாள். சும்மா என்றால், பக்கத்து வீட்டு மிக்ஸியெல்லாம் அவளிடம்தான் வரும்.

அவளை எங்கள் கடைக்குக் கூட்டி வந்தது சிரில் அண்ணன். ஊரிகத்துக்காரர், அவரும் ரயிலில் போய் வருகிறவர். கைக்குட்டை போட்டுப் பிடித்த சீட்டில் உட்கார்ந்து நாடகம் எழுதி, அதே பெட்டியில் ஒத்திகையும் பார்த்துவிடுவார். இந்த டிசம்பருக்கு அவர் எழுதியது ஒரு சிரிப்பு நாடகம். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கல்யாண நாள் காலையில் அரை ஷிப்டுக்கு இறங்கிய மாப்பிள்ளை, ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கேஜ் பாதியில் நின்றுபோய், மேலே வர முடியாமல் தவிக்கிறான். துணையாக ஒரு பேய். கேஜ் இறங்குவதைத் துணித் திரையில் வரைந்து கயிறு கட்டி இழுக்கலாம் என்பது சிரில் அண்ணனின் திட்டம். வேறு வேலை தேடிப் பெங்களூர் போன ஒருநாள், பல்லவி ரயிலில் நின்றபடியே அதைக் கேட்டுவிட்டு, "வேண்டாம் அண்ணா, லைட்லயே இறக்கிடலாம்" என்றாளாம்.

கடையில் நின்று அதை நைனாவுக்கு விளக்கினாள். மேடையில் கேஜ் வாசலுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கு இரண்டு மடங்கு உயரத்தில் கம்பம். கம்பத்தில் எல்.இ.டி. டேப். நம் கல்யாண டேப் மாதிரி மொத்தமாக எரிந்து மொத்தமாக அணைவதில்லை. ஒவ்வொரு பல்புக்கும் தனியாகச் சொல்லலாம். பெல் அடித்ததும் பத்துப் பல்பு அகலத்துக்கு ஒரு மஞ்சள் வெளிச்சம் உச்சியில் தோன்றி, வழுக்கி இறங்கித் தரையைத் தொடும். உடனே கதவு திறந்து மாப்பிள்ளை வருவார்.

நைனா அவளுக்கு நாற்காலி போட்டார். என் நாற்காலியை.

"இன்னா பவ்யா, பாத்துகினு நிக்கற? பல்லவிம்மாவுக்கு டீ சொல்லு."

டேப் வாங்க மூன்று பேரும் பெங்களூர் போனோம். ஜன்னல் சீட் பல்லவிக்கு. பக்கத்தில் நைனா. எதிரே நான், ஒரு அம்மாவின் கீரைக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவில். மாரிக்குப்பத்து வண்டியில் பெங்களூர் வரைக்கும் நைனா என்னிடம் பேசியது ஒரே வாக்கியம். "காலை மடக்கு, அவங்களுக்கு இடிக்குது."

எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிக் கடை. கடைக்காரர் நாலைந்து சுருளை எடுத்துப் போட்டார். ரிமோட்டோடு வந்த ஒரு கன்ட்ரோலரை நான் கையில் எடுத்தேன். முந்நூறு விதமாக ஆடும் என்று அட்டையில் போட்டிருந்தது. பட்டனை அமுக்கினால் வானவில் ஓடியது, பாம்பு ஓடியது, பட்டாசு வெடித்தது. "நைனா, இது போதும்" என்றேன்.

பல்லவி அதை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு பவ்யா. ஆனா இது தானா ஆடும், நாம பாத்துட்டு இருக்கணும். நமக்கு வேணுங்கற எடத்துல நிறுத்த முடியாது." திருப்பிக் கொடுத்துவிட்டு வைஃபை வைத்த ஒரு சின்ன போர்டைக் கேட்டாள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. போனிலிருந்தே எந்தப் பல்பு, எவ்வளவு வேகம், எங்கே நிற்க வேண்டும் எல்லாம் சொல்லலாமாம்.

டேப் விஷயத்தில் அவள் கடைக்காரரைப் பிழிந்து எடுத்தாள். முதலில் அஞ்சு வோல்ட் டேப். மலிவானது. அஞ்சு மீட்டரையும் வெள்ளையில் எரியவிடச் சொன்னாள். தொடக்கம் பால் மாதிரி வெள்ளை, கடைசி முனை ஆறிப்போன டீ நிறம். "பாத்தீங்களா அங்கிள், கரண்ட் அங்க போறதுக்குள்ள களைச்சுடுது." அடுத்தது பன்னிரண்டு வோல்ட். முனை வரை வெள்ளையாக இருந்தது. அதிலும் இரண்டு ரகம். ஒன்றில் ஒரு பல்பு செத்தால் அதற்கப்புறம் வரிசையே இருட்டு. இன்னொன்றில் சமிக்ஞைக்கு ரெண்டு கம்பி. ஒன்று போனாலும் அடுத்த பல்புக்குச் செய்தி போய்விடும். நிஜமாகவா என்று அவள் கேட்கவில்லை. கட்டரின் முனையால் நடுவில் ஒரு பல்பைக் கிள்ளிவிட்டாள். கடைக்காரர் பதறினார். அந்தப் பல்பு மட்டும் செத்தது; மற்றவை எரிந்தன.

"இதுல கறுப்புப் பட்டை கொடுங்க" என்றாள். வெள்ளைப் பட்டை அணைந்திருக்கும்போதும் மேடையில் கோடு மாதிரித் தெரியுமாம். பிறகு போன் கேமராவை நீட்டி, வெளிச்சம் துடிக்கிறதா என்று பார்த்தாள். "ஊரே வீடியோ எடுக்கும் அங்கிள்."

நைனாவின் முகத்தைப் பார்த்தேன். நான் முதன்முதலாகத் தனியாக ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கு விளக்குப் பார்த்தபோதுகூட அந்த முகத்தை எனக்குக் காட்டியதில்லை. திரும்பும்போது ரயிலில், "இந்த டிராமா ஒழுங்கா போச்சுன்னா லைட் டேபிள் இனிமே பல்லவிம்மாவுக்குத்தான்" என்று அவளிடம் சொன்னார். எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை கீரைக்கட்டும் இல்லை, அதனால் நான் அவர் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்திருப்பேன்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் காகித டேப் ஒட்டிப் பேனாவில் பெயர் எழுதுவாள். கம்பத்து டேப்பில் தொடங்கும் முனையில் 1, முடியும் முனையில் 240. பல்புக்குப் பல்பு எறும்பு அளவில் ஒரு அம்பு அச்சடித்திருக்கும். செய்தி அந்தப் பக்கம்தான் போகும். டேப் தொடங்குவதற்கு முன்னால், போர்டுக்குப் பக்கத்திலேயே ஒற்றைப் பல்பு ஒன்றைத் தனியாக ஒட்டவைத்தாள். அது எரியாது. போர்டிலிருந்து வருகிற மெலிந்த செய்தியை வாங்கி, பலப்படுத்தி, அடுத்ததற்குக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை.

"எரியாத பல்பு எதுக்கு?" என்றார் நைனா.

"பேங்க்ஸ்மேன் மாதிரி அங்கிள். பெல்ல வாங்கி பெல்ல குடுப்பாரு. அவரு கேஜ்ல ஏற மாட்டாரு இல்ல?"

கேஜ் இறங்கும் சுரங்கக் குழிதான் ஷாஃப்ட்; அதன் வாயருகே மேலே நின்று பெல் அடிக்கிறவருக்குப் பேங்க்ஸ்மேன் என்று பெயர். நைனாவின் அப்பா அந்த வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸ் பெண்ணுக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்ததில் நைனா அன்று முழுக்க மிதந்தார். அவள் விரல் நுனியில் சால்டரிங் சுட்ட தழும்பு நாலு இருந்தது. நான் எண்ணியதாக யாரிடமும் சொல்லாதீர்கள்.

அவள் போனில் அந்த வைஃபை போர்டின் பாஸ்வேர்டை அடிக்கும்போது நான் பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்தேன். வாய் கடலையில், கண் அவள் விரலில். ஒத்திகைக்கு முன்னால் என் போனிலிருந்து உள்ளே போனேன். செட்டிங்கில் கலர் ஆர்டர் என்று ஒரு பெட்டி இருந்தது. எந்த நிறம் முதலில், எது அடுத்தது என்று. முதல் இரண்டையும் இடம் மாற்றினேன். அதற்குக் கீழே ரிவர்ஸ் என்று ஒரு சின்னக் கட்டம். அதையும் தட்டலாமா என்று விரல் துடித்தது. ஒரு நாளைக்கு ஒரு பாவம் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒத்திகையில் கம்பங்களைத் தரையிலேயே படுக்கவைத்திருந்தார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் பச்சை வந்தது. பட்டு வேட்டியில் நின்ற மாப்பிள்ளை குளத்திலிருந்து எடுத்த மாதிரி ஆனார்.

"இன்னாடா இது, மாப்பிள்ள பாசி புடிச்சு கீறான்" என்றார் சிரில் அண்ணன்.

பல்லவி இரண்டு மணி நேரம் தேடினாள். ஒவ்வொரு ஜாயிண்டாகப் பிரித்துப் பார்த்தாள், மீட்டர் வைத்துப் பார்த்தாள். நைனா அவளுக்கு டார்ச் பிடித்தார். கடைசியில் போனில் செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். "நான்தான் அங்கிள், ஆர்டர் மாத்தி வெச்சுட்டேன். சாரி" என்றாள். பிறகு மேஜைமேல் கிடந்த கடலைத் தோலை ஒரே ஊதாக ஊதித் தள்ளினாள். அது என் காலடியில் வந்து விழுந்தது.

காட்டிக் கொடுத்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இப்போது வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டியதாயிற்று.

நாடகத்தன்று மாலை. ஊரிகத்துப் பழைய கிளப் மைதானத்தில் மேடை. ஆறரைக்குத் தொடக்கம். முன்வரிசை முழுக்கச் சுரங்கத்துப் பென்ஷன்காரர்கள், மப்ளர் சுற்றிக்கொண்டு. இவர்கள் கைதட்ட வருவதில்லை, தப்புக் கண்டுபிடிக்க வருகிறவர்கள். பல்லவியின் அப்பாவும் நாலாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

பல்லவி பின்பக்கம் கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தபோது நைனாதான் ஆள் வைத்துக் கம்பங்களை நிமிர்த்தினார். பிறகு அவள் வந்து எல்லாப் பல்பையும் வெள்ளையில் ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தாள். அத்தனையும் எரிந்தன. அதற்குள் சிரில் அண்ணன் திரையை இழுத்து மூடிவிட்டார்.

ஆறு மணிக்கு, திரைக்குப் பின்னால் பக்கவாட்டில் தொங்கும் பார் லைட் என்கிற வட்ட விளக்கைத் திருப்ப நான் ஏணியில் ஏறினேன். கம்பத்தின் உச்சி என் மூக்குக்கு எதிரே. அங்கே காகித டேப்பில் பல்லவியின் கையெழுத்தில் 1. எறும்பு அம்புகள் எல்லாம் தரையைப் பார்த்தன. எரியாத அந்த ஒற்றைப் பல்பைக்கூட நைனா போர்டிலிருந்து பிரித்து உச்சியில் உட்காரவைத்து, நீளமாக வயர் ஜாயிண்ட் போட்டுக் கம்பத்தின் பின்னால் ஒளித்துக் கீழே கொண்டுவந்திருந்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பல்லவி வரைந்த படத்தில் ஒன்றாம் எண் கீழே, தரையில், போர்டுக்குப் பக்கத்தில். அம்பு மேலே போகும். கேஜ் இறங்க வேண்டுமென்றால் இருநூற்று நாற்பதிலிருந்து ஒன்றுக்கு வர வேண்டும் என்று அவள் எழுதிவைத்திருந்தாள். ஆனால் இந்த ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்: சுரங்கத்தில் லெவல் என்கிற தளங்களில் ஒன்றாவது மேலே, எண் ஏற ஏற ஆழம். பேங்க்ஸ்மேன் நிற்பதும் மேலேதான். நைனா 1 என்ற எழுத்தைப் பார்த்ததும் வேறெதையும் யோசித்திருக்க மாட்டார். வேறெந்த ஊர்க்காரனும் இப்படி ஏற்றியிருக்க மாட்டான்.

அதாவது, பெல் அடித்ததும் மாப்பிள்ளையின் கேஜ் தரையிலிருந்து கிளம்பி ஆகாயத்துக்குப் போகும். முன்வரிசை மப்ளர்கள் எழுந்து நின்று சிரிக்கும்.

ஏணியிலிருந்து இறங்கினேன். பார் லைட் பெட்டியைத் துடைத்தேன். இரண்டுமுறை துடைத்தேன். நான் எதையும் செய்யவில்லை, செய்தது நைனா. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஏழு மணிக்கு நாற்காலி என்னுடையது. இவ்வளவு சுத்தமான ஒரு குறும்பு எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

லைட் டேபிளுக்குப் போனேன். பல்லவியின் உதடு காய்ந்திருந்தது. "பவ்யா, இதக் கொஞ்சம் பிடி. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். போன் திரையில் விளக்குக் காட்சிகளின் பட்டியல் இருந்தது. கேஜ் இறக்கம். கேஜ் நிற்பு. லெவல் இருட்டு. பவ்யா பச்சை. கேஜ் ஏற்றம். தாலி மஞ்சள்.

நாலாவதைத் திரும்பப் படித்தேன்.

அவள் வந்ததும், "இது இன்னா?" என்றேன்.

"அதுவா? பேய்க்கு ஒரு கலர் வேணும்னு சிரில் அண்ணன் கேட்டுட்டே இருந்தாரு. நான் எத்தனையோ போட்டுப் பாத்தேன். அன்னிக்கு வந்த பச்சைதான் கரெக்டா இருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "யாரு கண்டுபிடிச்சாங்களோ அவங்க பேரு வைக்கணும் இல்ல?"

பொறாமைக்கு ஒரு நியாயம் வேண்டாமா? எதிரி கொஞ்சமாவது எதிரி மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

"அக்கா" என்றேன். அதுவரை அவளை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. "ஒண்ணு மேல கீது."

"என்ன மேல?"

"ஒண்ணாம் நம்பர். நைனா தலகீழா நிறுத்தி கீறாரு. அம்பு கீழ பாக்குது."

அவள் மேடையைப் பார்த்தாள், மூடிய திரையைப் பார்த்தாள், நாலாவது வரிசையைப் பார்த்தாள். மணி ஆறு இருபத்தைந்து. "கம்பத்த இறக்க முடியாது. எல்லா சீனையும் திருப்பி எழுதணும். அஞ்சு நிமிஷத்துல எப்படி..."

"இன்னாத்துக்கு எழுதணும்? செட்டிங்க தொற. கலர் ஆர்டருக்குக் கீழ ரிவர்ஸ்னு ஒரு கட்டம் கீது, பாரு. ரெண்டு கம்பத்துக்கும் தட்டு."

அவள் திறந்தாள். கட்டம் இருந்தது. என்னைப் பார்த்தாள். "உனக்கு எப்படி..." என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கே அதையும் தட்டியிருப்பேன்" என்றேன். "விட்டுட்டேன்."

"ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். கிண்டலாகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டு கட்டத்தையும் தட்டினாள். திரையின் ஓரத்திலிருந்து சிரில் அண்ணனின் தலை மட்டும் நீண்டது. "பல்லவிம்மா, பெல்லு அடிச்சிடட்டா?"

இரும்புத் துண்டில் பெல் அடி விழுந்தது. திரை விலகியது. இருட்டில் கறுப்புப் பட்டை கண்ணுக்கே தெரியவில்லை. உச்சியில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் தோன்றி, ஒரு கணம் நின்று, இறங்கியது. நடுவில் நடுங்கவில்லை, நிறம் மாறவில்லை. தரையைத் தொட்டதும் கதவு திறந்தது.

முன்வரிசையில் மாணிக்கராஜ் தாத்தா மட்டும் எழுந்தார். "ஸ்பீடு ஜாஸ்தி. இப்பிடி இறக்கனா குடலு வாய்க்கு வந்துரும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் ஆமோதித்தார். இந்த ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வேகத்தில்தான் தப்பு, அப்படியென்றால் அது கேஜ்தான் என்று ஒப்புக்கொண்டாயிற்று. பச்சையில் பேய் வந்தபோது பையன்கள் விசில் அடித்தார்கள். அந்த விசிலில் பாதி என்னுடையது என்று பக்கத்தில் யாரிடமாவது சொல்லலாமா என்று பார்த்தேன். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாடகம் முடிந்ததும் நைனா கிளப் செக்ரட்டரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "இவங்கதான் சார், எங்க பல்லவிம்மா."

"அங்கிள், கம்பம் தலைகீழா இருந்துச்சு" என்றாள் பல்லவி. "பவ்யாதான் பாத்து சொன்னா. சரி பண்ணினதும் அவதான்."

"தலகீழாவா? பேங்க்ஸ்மேன் மேலதான நிப்பான்?" என்றார் நைனா. பிறகு என்னைப் பார்த்தார். "இவளா சரி பண்ணா? இவ கை வெச்சிருப்பா, அதனாலதான் தலகீழா போயிருக்கும். நீ இவள ரொம்ப நம்பாதம்மா."

"இல்ல அங்கிள், நிஜமாவே..."

"வுடு, வுடு. நாளையிலிருந்து டேபிள் உன்னுது. பவ்யா, சும்மா நிக்கற பாரு. டீ எடுத்துகினு வா. மொத டீ யாருக்குன்னு தெரியும் இல்ல?"

தெரியும். பச்சை முகம் நான் செய்தது, பழி அவள் ஏற்றாள். கேஜை நான் இறக்கினேன், பழி எனக்கு. கணக்கில் நான் எப்போதுமே மோசம்தான், ஆனால் இது யாருக்கும் விளங்குகிற கணக்கு.

மைதானத்து ஓரத்தில் பஜ்ஜிக் கடை. டீ வாங்கினேன். பக்கத்தில் உப்பு டப்பா திறந்தே இருந்தது.

முதல் டீயைப் பல்லவியிடம் நீட்டினேன். அவள் வாங்கி, குடிக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"குடி அக்கா. அதுல ஒண்ணும் போடல."

குடித்தாள். செக்ரட்டரி குடித்தார். நைனா ஒரு பெரிய மடக்காக இழுத்தார். வாய் நிரம்பியது, கண் விரிந்தது. எதிரே செக்ரட்டரி அடுத்த மாசத்துக் கலைவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். துப்ப வழியில்லை. அந்த மடக்கை நைனா விழுங்கிய விதத்தில், ஷாஃப்டின் அடிவரை அது போய்ச் சேர்வது எனக்குக் கேட்டது.

பல்லவி குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. உடைந்த பல் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலாலேயே இழுத்து லைட் டேபிளுக்கு அருகில் போட்டாள், என் பக்கமாக.

உட்கார்ந்தேன். என் கையில் இருந்தது லைட் டேபிளின் இரண்டாவது டீ. நன்றாகத்தான் இருந்தது. முதல் டீ அளவுக்கு இல்லை.